மாடி உங்களுக்கு, மண் எங்களுக்கு

பாங்காக்கில் சொந்தமாக ஃப்ளாட் வாங்குவது பற்றி முன்பு போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். இத்தனை கடிதம் வருமென்று தெரிந்திருந்தால் அரை வரியோடு நிறுத்தியிருப்பேன். துபாய், சிங்கப்பூர், லண்டன் என்று கிளை பிரிந்த கேள்விகளையும் சேர்த்து இந்த முறை முழுக்க வெளிநாட்டு வீடு. பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் கேட்டுக்கொண்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டும். காரணம் கேட்கவில்லை. வருமான வரித்துறையிலும் நமக்கு வாசகர்கள் உண்டு.

கே: தாய்லாந்தில் எனக்கு உறவும் இல்லை, தொழிலும் இல்லை. பாங்காக்கில் என் பெயரிலேயே ஃப்ளாட் வாங்க விடுவார்களா? (திருப்பூர்)

ப: விடுவார்கள். 1979-ஆம் ஆண்டின் காண்டோமினியம் சட்டமும் அதற்குப் பின்னால் வந்த திருத்தங்களும் அதற்கு வழி செய்கின்றன. தனி வீடு, காலி மனை கேட்டால்தான் கதவைச் சாத்துவார்கள். மாடியில் எவ்வளவு உயரத்துக்கு வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம், தரையில் கால் வைக்கும்போதுதான் பாஸ்போர்ட்டைப் பார்ப்பார்கள். ஒரு நிபந்தனை உண்டு. ஒரு கட்டடத்தில் உள்ள எல்லா ஃப்ளாட்டுகளின் மொத்தப் பரப்பில் 49 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டவர் கைக்குப் போகக்கூடாது. இது ஃப்ளாட்டுகளின் எண்ணிக்கையை வைத்து அல்ல, சதுர மீட்டரை வைத்துப் போடும் கணக்கு. மேல்மாடியில் இரண்டு பெரிய பென்ட்ஹவுஸை யாரோ இரண்டு வெளிநாட்டவர் வாங்கிவிட்டால் உங்களுக்கு மிச்சமிருந்த இடம் அங்கேயே காலியாகிவிடும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று கட்டட நிர்வாக அலுவலகத்திடம் கடிதமாக எழுதி வாங்குங்கள். புரோக்கர் வாயால் சொல்வதைக் கேட்டுக்கொள்ளலாம், கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கே: அது ஏன் 49? (திண்டுக்கல்)

ப: 51 அவர்களுக்கு வேண்டும் என்பதால்.

கொஞ்சம் விரிவாகக் கேட்டால், முன்பு இது 40 ஆக இருந்தது. 1997-இல் பாட் சரிந்து நாடே தள்ளாடியபோது கட்டி முடித்த கட்டடங்கள் வாங்க ஆளில்லாமல் நின்றன. 1999-இல் அளவை 49 ஆக்கினார்கள். சில கட்டடங்களுக்கு மட்டும் ஐந்து வருடத்துக்கு 100 சதவீதம் வரை திறந்தும் விட்டார்கள். கஷ்டகாலம் தீர்ந்ததும் அந்தக் கதவை மூடிவிட்டார்கள். 2024-இல் 75 ஆக்கலாமா என்று அரசு யோசிப்பதாகச் செய்தி வந்தது, உள்ளூரில் பெரிய கூச்சல் எழுந்தது. சந்தை படுத்தால் விதி தளரும், சந்தை எழுந்தால் விதி இறுகும். அந்நியருக்கான சட்டங்களை எந்த ஊரிலும் இந்தக் கண்ணோடு படித்தால் பாதி புரிந்துவிடும்.

கே: நான் பார்த்த கட்டடத்தில் 49 முடிந்துவிட்டதாம். 'முப்பது வருட குத்தகை, பிறகு இன்னொரு முப்பது, அதற்குப் பிறகும் முப்பது, ஆக 90 வருடம்' என்கிறார் ஏஜென்ட். (சேலம்)

ப: முதல் முப்பதுக்குத்தான் சட்டம் துணை நிற்கும். அதற்கு மேல் பதிவு செய்ய அங்கே இடமில்லை. அடுத்த இரண்டு முப்பதும் விற்பவர் கொடுக்கும் வாக்குறுதி. முப்பது வருடம் கழித்து அந்தக் கம்பெனி இருக்குமா, இருந்தால் உங்களை ஞாபகம் வைத்திருக்குமா? முப்பது வருடத்துக்கான விலையைச் சொல்லச் சொல்லுங்கள். 90 வருடத்துக்கான விலையைக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கே: எனக்கு அங்கே ஒரு நல்ல நண்பர் இருக்கிறார், அந்த நாட்டுக்காரர். அவர் பேரில் வாங்கிவிட்டால் 49-ஆவது 51-ஆவது? (ஈரோடு)

ப: இதற்கு நம் ஊரில் பினாமி என்று பேர். அங்கேயும் குற்றம்தான். மாட்டினால் சட்டம் உங்களை விடாது, மாட்டாவிட்டால் நண்பர் உங்களை விட வேண்டும். இரண்டாவதைத்தான் நான் அதிகம் யோசிப்பேன்.

கே: ஊரில் ஃப்ளாட் வாங்கும்போது யு.டி.எஸ்., அதாவது பிரிக்கப்படாத நிலப் பங்கு, எவ்வளவு என்றுதான் முதலில் கேட்போம். பாங்காக்கில் அதைக் கேட்டால் சிரிப்பார்களா? (சென்னை, வேளச்சேரி)

ப: சிரிக்க மாட்டார்கள். அங்கே ஒவ்வொரு ஃப்ளாட்டுக்கும் நில அலுவலகம் தனிப் பத்திரம் தருகிறது. பொதுச் சொத்தில் உங்கள் விகிதம் எவ்வளவு என்று அதிலேயே இருக்கும். கட்டடம் நிற்கும் நிலம், லிஃப்ட், வரவேற்பறை, நீச்சல் குளம் எல்லாம் அந்தப் பொதுச் சொத்தில் அடக்கம். கூட்டத்தில் உங்கள் ஓட்டின் எடையும் அந்த விகிதம்தான். நம் ஊரில் யு.டி.எஸ்.ஸை வைத்து 'கட்டடம் போனாலும் மண் இருக்கும்' என்று மனதைத் தேற்றிக்கொள்வோம். அங்கே அந்தத் தேற்றல் செல்லாது. கூட்டில் பங்கு இருக்கும், அதைத் தனியே பிரித்து உங்கள் பெயருக்கு ஒரு சென்ட் கேட்க முடியாது.

கே: பணத்தை எப்படி அனுப்புவது? என் மச்சான் 'அதெல்லாம் உண்டியலில் போட்டால் சாயங்காலம் அங்கே இருக்கும்' என்கிறார். (கோயம்புத்தூர்)

ப: பணம் சாயங்காலம் போய்ச் சேரும். வீடு என்றைக்குமே சேராது.

வெளிநாட்டவர் பெயரில் ஃப்ளாட்டைப் பதிவு செய்ய வேண்டுமானால், பணம் அந்நியச் செலாவணியாக வெளியிலிருந்து வந்தது என்பதற்கு அத்தாட்சி கேட்கும் தாய்லாந்து நில அலுவலகம். டாலராகவோ பவுண்டாகவோ அங்குள்ள வங்கிக்குப் போய், அங்கே பாட் ஆக மாற்றப்பட்டிருக்க வேண்டும். என்ன காரணத்துக்காக வந்தது என்ற இடத்தில் காண்டோ வாங்க என்று இருக்க வேண்டும். 50,000 டாலரும் அதற்கு மேலும் என்றால் வங்கி ஒரு செலாவணிப் படிவம் தரும். அதற்குக் குறைந்தால் ஒரு கடிதம். உண்டியல்காரர் இந்தக் காகிதத்தைத் தர மாட்டார். 'பாட் ரேட் நன்றாக இருக்கிறது' என்று இங்கேயே மாற்றி அனுப்பிவிட்டும் சிலர் மாட்டிக்கொள்கிறார்கள். தலையில் கை வைத்துக்கொள்வார் வக்கீல். அனுப்புகிறவர் பெயரும் பத்திரத்தில் வரப்போகும் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். வீட்டை விற்று அந்தப் பணத்தைத் திரும்ப வெளியே கொண்டுவரும் நாளிலும் இதே காகிதத்தைத்தான் கேட்பார்கள். பத்திரம் தொலைந்தால்கூட நகல் வாங்கிவிடலாம். இதைத் தொலைத்துவிட்டு பத்து வருடம் கழித்து வங்கியில் போய் நின்றால் கவுன்ட்டரில் இருப்பவர், தான் பிறப்பதற்கு முன்னால் நடந்த கதையைக் கேட்பதுபோல் பார்ப்பார்.

இந்தப் பக்கத்துக் கணக்கு: ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் இந்தியாவில் குடியிருக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். கணவன், மனைவி இருவரும் சேர்ந்து அனுப்பினால் இருவர் பெயரும் பத்திரத்தில் இருக்க வேண்டும். மார்ச்சில் ஒரு தவணை, ஏப்ரலில் ஒரு தவணை என்று அனுப்பினால் இரண்டு நிதியாண்டுகள் கிடைக்கும். ஆடிட்டர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை, தப்பும் இல்லை. இப்படி அனுப்புவதற்காக இங்குள்ள வங்கி கடன் தராது, தரவும் கூடாது.

கே: வங்கியில் 20 சதவீதம் பிடிப்பார்களாமே! ஒரு கோடிக்கு இருபது லட்சமா? (கரூர்)

ப: பதினெட்டு. 2025 ஏப்ரலிலிருந்து முதல் 10 லட்சத்துக்குப் பிடித்தம் கிடையாது. மிச்ச 90 லட்சத்துக்கு 20 சதவீதம் டி.சி.எஸ். இது தனி வரி அல்ல, உங்கள் பெயரில் முன்கூட்டியே கட்டிவைக்கும் பணம். ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் திரும்பி வரும். அதுவரை ஒரு கோடி ரூபாய் வீட்டுக்கு ஒரு கோடியே பதினெட்டு லட்சம் கையில் வேண்டும். இந்தப் பதினெட்டைச் சொல்லாமல் பட்ஜெட் போட்டுக் கொடுக்கும் ஏஜென்ட்டுகள்தான் அதிகம். அது அவர் பணம் இல்லையே.

கே: சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டலில் துபாய் பில்டர்கள் கண்காட்சி. நல்ல பஃபே. அங்கேயே கிரெடிட் கார்டில் புக்கிங் தொகை தேய்க்கச் சொன்னார்கள். தேய்க்கலாமா? (அண்ணா நகர்)

ப: பஃபேயோடு வந்துவிடுங்கள். சர்வதேச கிரெடிட் கார்டு, ஓட்டல் அறைக்கும் விமான டிக்கெட்டுக்கும் புத்தகத்துக்கும். வெளிநாட்டில் சொத்து வாங்குவது மூலதனக் கணக்கு, அது எல்.ஆர்.எஸ். வழியாக வங்கி மூலம் போக வேண்டும். கார்டு மெஷின் 'அப்ரூவ்டு' என்று காட்டுவதற்கும் ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டம் அப்ரூவ் செய்வதற்கும் சம்பந்தமில்லை.

கே: துபாயில் 20 லட்சம் திர்ஹாமுக்கு வாங்கினால் பத்து வருட கோல்டன் விசா. பாங்காக்கில் அப்படி ஒன்றும் இல்லையே. துபாய்தானே லாபம்? (ராமநாதபுரம்)

ப: எதற்கு வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பாங்காக்கில் வீடு வாங்கியதற்காக விசா தானாக ஒட்டிக்கொண்டு வராது, உண்மை. உங்கள் மாவட்டத்தில் தெருவுக்கு நாலு பேர் வளைகுடாவில் இருப்பார்கள், அவர்களுக்குத் துபாயில் வேலை போனால் விசாவும் போகும். வேலையோடு முடிச்சுப் போடாத பத்து வருட விசா என்றால் அங்கே இருப்பவருக்கு அதன் மதிப்பு தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு அங்கே வாழ்கிற குடும்பம் என்றால் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஊரில் உட்கார்ந்துகொண்டு 'ஒரு விசா இருக்கட்டும்' என்று வாங்குகிறவருக்குத்தான் என் தயக்கம். அது தங்குவதற்கான அனுமதி. குடியுரிமை அல்ல. வீட்டை விற்றால் விசாவின் கால் முறியும்.

துபாயில் 2006-இன் 7-ஆவது சட்டம் வெளிநாட்டவருக்குக் குறிப்பிட்ட பகுதிகளில் முழு உரிமை தருகிறது. ஊர் முழுக்க அல்ல, அதற்கென்று ஒதுக்கிய பகுதிகளில். நிலத்துறைக்குப் பதிவுக் கட்டணம் 4 சதவீதம். புரோக்கருக்கு வழக்கமாக 2. கட்டி முடிக்காத கட்டடத்தில் வாங்குவதுதான் அங்கே பெரிய வியாபாரம். 2007-இல் எஸ்க்ரோ சட்டம் வந்ததிலிருந்து வாங்குகிறவர் பணம் அந்தத் திட்டத்துக்கென்று திறந்த தனிக் கணக்குக்குத்தான் போக வேண்டும். எனவே செக்கை யார் பெயரில் எழுதச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். பில்டர் பெயர், அவர் மைத்துனர் பெயர் எதுவும் வேண்டாம், எஸ்க்ரோ கணக்கு மட்டும். திட்டம் பதிவானதா என்று நிலத்துறையின் 'துபாய் ரெஸ்ட்' செயலியிலேயே தேடலாம். இந்தக் கட்டுப்பாடு இருந்தும் 2008-க்குப் பிறகு விலை பாதிக்கு மேல் சரிந்தது என்பதையும் ஓரமாக எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எஸ்க்ரோ உங்கள் பணம் வேறெங்கும் போகாமல் பார்த்துக்கொள்ளும், விலையைப் பிடித்துவைக்காது.

இன்னொன்று. 'சாவி வாங்கிய பிறகு மூன்று வருடம் தவணை' என்பார்கள். கேட்க இனிக்கும். இந்தியாவில் குடியிருப்பவருக்கு அது வெளிநாட்டில் கடன் வாங்கியது போல் ஆகிவிடக்கூடிய இடம். ஃபெமா தெரிந்த ஆடிட்டர் தலையாட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கே: துபாயில் வாடகைக்கு வரியே இல்லையாமே? (கீழக்கரை)

ப: அங்கே வசிப்பவருக்கு இல்லை. கீழக்கரையில் வசித்துக்கொண்டு வாங்கினால் கீழக்கரைக்கு வரி உண்டு.

கே: சிங்கப்பூரில் என் அக்கா இருக்கிறார். 20 லட்சம் வெள்ளியில் ஒரு காண்டோ பார்த்திருக்கிறோம். என் பெயரில் வாங்கலாம் அல்லவா? (தஞ்சாவூர்)

ப: தாராளமாக. 20 லட்சம் வெள்ளி வீட்டுக்கு, முத்திரை வரியாக 12 லட்சத்து 69 ஆயிரத்து 600 வெள்ளி எடுத்துவையுங்கள்.

பிழை ஒன்றும் இல்லை. வெளிநாட்டவர் வாங்கினால் விலையில் 60 சதவீதம் கூடுதல் வரி, 2023 ஏப்ரல் 27 முதல். அதாவது 12 லட்சம். மீதி 69,600 எல்லோரும் கட்டுகிற சாதாரண முத்திரை வரி. இந்தக் கூடுதல் வரி 2011 டிசம்பரில் பிறந்தபோது 10 சதவீதம். பிறகு 15, 20, 30 என்று ஏறி ஒரே தாவலில் 60-க்குப் போனது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுப் பதினான்கு நாளுக்குள் கட்ட வேண்டும், தவணை கிடையாது. அமெரிக்கா, சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகிய ஐந்து நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும் வர்த்தக ஒப்பந்தம் இருப்பதால் சிங்கப்பூர்க் குடிமகனுக்கு உள்ள அதே கணக்கு. வீட்டில் கல்யாண வயதில் யாராவது இருந்தால், ஐஸ்லாந்துப் பக்கம் ஜாதகம் அனுப்பிப் பாருங்கள்.

அக்கா அங்கே குடிமகளா, நிரந்தரவாசியா என்று எழுதவில்லையே. குடிமகள் என்றால் முதல் வீட்டுக்கு இந்த வரி இல்லை, நிரந்தரவாசி என்றால் 5 சதவீதம். ஆசையில் உங்கள் பெயரையும் பத்திரத்தில் சேர்த்துக்கொண்டால் மொத்த விலைக்கும் உங்கள் 60 வந்து உட்காரும். அக்காவின் பாசத்தைப் பத்திரத்தில் சோதிக்க வேண்டாம்.

கே: மகன் லண்டனில் ஐ.டி.யில் இருக்கிறான். நான் இங்கிருந்து வாங்கி அவனுக்குக் கொடுக்க நினைக்கிறேன். (மதுரை)

ப: அவனே வாங்கட்டும், நீங்கள் பணத்தில் உதவுங்கள். நீங்கள் வாங்கினால் அங்கே வசிக்காதவருக்கான 2 சதவீதம் மேலே ஏறும். ஏற்கெனவே மதுரையில் வீடு இருந்தால் அதையும் கணக்கில் எடுத்து, இரண்டாவது வீட்டுக்கான 5 சதவீதமும் ஏறும். 15 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட பகுதிக்கு எல்லாம் கூடி 19 சதவீதம் வரும். உங்களுக்குப் பிறகு அந்த வீடு அவனுக்குப் போகும்போது, 3,25,000 பவுண்டுக்கு மேற்பட்ட மதிப்புக்கு 40 சதவீதம் வாரிசு வரி கேட்கும் ஊர் அது. லண்டன் ஃப்ளாட்டுகள் பெரும்பாலும் நீண்ட குத்தகைதான், வருடம் எத்தனை மிச்சம் என்று பாருங்கள். அப்புறம் வெளிச்சுவரின் மேலுறை என்ன பொருள் என்றும் கேளுங்கள். 2017-இல் கிரென்ஃபெல் கோபுரம் எரிந்து 72 பேர் இறந்ததிலிருந்து அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத ஃப்ளாட்டுக்கு அங்கே வங்கிகள் கடன் தர யோசிக்கின்றன.

கே: மகள் சிட்னியில், மருமகன் டொரான்டோவில் வேலை தேடுகிறார். எங்கே வாங்கலாம்? (நாகர்கோவில்)

ப: முதலில் அவர்கள் இருவரும் ஒரே நாட்டில் வசிக்கட்டும். கனடாவில் வெளிநாட்டவர் வீடு வாங்கத் தடை 2023-இல் வந்து, 2027 தொடக்கம் வரை நீட்டிக்கப்பட்டது. ஆஸ்திரேலியா 2025 ஏப்ரலிலிருந்து 2027 மார்ச் வரை, ஏற்கெனவே கட்டியிருக்கும் வீடுகளை வெளிநாட்டவருக்கு இல்லை என்று சொல்லிவிட்டது. புதிதாகக் கட்டுவதற்கு அனுமதி கேட்டு வாங்கலாம்.

கே: கோலாலம்பூர்? (நாகப்பட்டினம்)

ப: பக்கத்து ஊர் மாதிரிதான் உங்களுக்கு. வெளிநாட்டவர் வாங்க அங்கே பொதுவாக 10 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் உள்ள வீடாக இருக்க வேண்டும், மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஐந்து வருடத்துக்குள் விற்று லாபம் வந்தால் அதில் 30 சதவீதம் அரசுக்கு. முத்திரை வரியை 2024-இல் 4 சதவீதம் என்று வைத்தார்கள், 2026-இல் 8 ஆக்கினார்கள். சீக்கிரம் விற்கும் எண்ணம் இருந்தால் வாங்கும் எண்ணத்தை விடுங்கள்.

கே: ஹாங்காங்கில் குத்தகை இல்லாத, முழு உரிமை நிலமே இல்லையா? (காரைக்குடி)

ப: ஒன்று இருக்கிறது, செயின்ட் ஜான்ஸ் தேவாலயம் நிற்கும் இடம். விலைக்கு வராது.

கே: அப்ரூவல் இல்லாமல் கட்டுவது, கோர்ட்டு, கேஸ் எல்லாம் நம் ஊரில்தான். பாங்காக் மாதிரி ஊரில் பெரிய கம்பெனி கட்டினால் எல்லாம் பக்காவாகத்தானே இருக்கும்? (சென்னை, பள்ளிக்கரணை)

ப: பள்ளிக்கரணையிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆஷ்டன் அசோக் கதையைக் கேளுங்கள்.

பாங்காக்கின் நட்டநடுவில் அசோக் சந்திப்பு. மேலே வான்ரயில், கீழே சுரங்க ரயில். அதை ஒட்டி ஐம்பது மாடி, 783 ஃப்ளாட். விற்றது தாய்லாந்தின் பெயர்பெற்ற பில்டர், கூட்டாளி ஜப்பானிய நிறுவனம். மாநகராட்சி அனுமதி இருந்தது. 2017-இல் கட்டி முடித்து, அடுத்த வருடம் ஆட்கள் குடிவந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட வெளிநாட்டவரும் வாங்கியிருந்தார்கள். லிஃப்ட் ஓடியது, குளத்தில் தண்ணீர் இருந்தது.

சிக்கல் வாசலில். அவ்வளவு பெரிய கட்டடம் கட்ட வேண்டுமானால், மனையின் ஒரு பக்கமாவது குறைந்தது 12 மீட்டர் அகலத்துக்கு, அகலமான பொதுச் சாலையைத் தொட வேண்டும் என்பது அங்கே விதி. அந்த மனையின் சொந்த வழி அவ்வளவு அகலம் இல்லை. பக்கத்தில் சுரங்க ரயில் நிறுவனத்தின் நிலம் இருந்தது. நிறுவனத்திடம் அனுமதி வாங்கி அதன் வழியே பாதை போட்டார்கள். ஆனால் அந்த நிலம் ரயிலுக்காக என்று ஜனங்களிடமிருந்து கையகப்படுத்தியது. ரயிலுக்கென்று எடுத்ததைத் தனியார் கட்டடத்துக்கு வாசலாகத் தர முடியாது என்று அக்கம்பக்கத்தினரும் ஒரு சங்கமும் வழக்குப் போட்டார்கள். 2021 ஜூலையில் மத்திய நிர்வாக நீதிமன்றம் கட்டட அனுமதியை ரத்து செய்தது. 2023 ஜூலை 27 அன்று உச்ச நிர்வாக நீதிமன்றம் அதையே உறுதி செய்தது.

நினைத்துப் பாருங்கள். முப்பதாவது மாடியில் திரைச்சீலையெல்லாம் மாட்டி, தவணை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் பத்திரம் சரி, உங்கள் பணம் சரி. கட்டடத்துக்கு அனுமதி இல்லை. இடித்துவிடவில்லை, வேறு வழி கண்டுபிடிக்கும் படலம் ஆரம்பித்தது. அப்படிப்பட்ட ஃப்ளாட்டை அந்த நேரத்தில் யார் வாங்குவார், எந்த வங்கி கடன் தரும்?

வாங்கியவர்கள் மேல் தப்பு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாநகராட்சியே கையெழுத்துப் போட்டிருந்தது. ஆனால் ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். நாமெல்லாம் ஃப்ளாட்டின் பத்திரத்தைத் துருவித் துருவிப் பார்ப்போம், கார் உள்ளே வரும் பாதை யாருடையது என்று கேட்க மாட்டோம். உங்கள் வக்கீலிடம் அதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். அந்த வக்கீல் விற்பவர் 'எங்கள் ஆள், ஃப்ரீ' என்று அறிமுகப்படுத்தியவராக இருக்கக்கூடாது.

கே: 2025-இல் நிலநடுக்கத்தில் பாங்காக் கட்டடங்கள் ஆடியதைப் பார்த்தபின் என் மனைவி பத்து மாடிக்கு மேல் வேண்டாம் என்கிறாள். (திருச்சி)

ப: அந்த வீடியோவில் மொட்டை மாடிக் குளங்களிலிருந்து தண்ணீர் அருவியாகக் கொட்டியதைப் பார்த்த யாருக்கும் அப்படித்தான் தோன்றும். மார்ச் 28 அன்று மியான்மரில் 7.7 அளவில் வந்த நடுக்கம் அது. ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருந்தும் பாங்காக் ஆடியதற்குக் காரணம், நகரம் உட்கார்ந்திருக்கும் மென்மையான களிமண். தொலைவிலிருந்து வரும் மெதுவான அலைகளை அது பெரிதாக்கிவிடும், உயரமான கட்டடம்தான் அதற்கு அதிகம் ஆடும். முழுதாக விழுந்தது கட்டிக்கொண்டிருந்த அரசுத் தணிக்கை அலுவலகம். குடியிருந்த கோபுரங்கள் நின்றன, சுவர்கள் விரிசல் விட்டன. ஆகவே மனைவியின் பயத்தை மாடிக் கணக்கில் தீர்க்காமல் காகிதக் கணக்கில் தீருங்கள்: நடுக்கத்துக்குப் பிறகு பொறியாளர் பரிசோதித்த அறிக்கை, கட்டடத்தின் பொதுக் காப்பீட்டில் நிலநடுக்கம் சேர்த்தியா என்ற விவரம். புது பெயின்ட் அடித்த சுவரைச் சந்தேகப்படுங்கள்.

கே: விளம்பரத்தில் 'லக்சுரி' என்று போட்டிருக்கிறார்கள். 35 சதுர மீட்டர். அது எவ்வளவு பெரிசு? (திருநெல்வேலி)

ப: சுமார் 377 சதுர அடி. உங்கள் ஊர்ப் பழைய வீட்டு முற்றத்தைவிடச் சின்னது.

மாதிரி ஃப்ளாட்டுக்குள் போகும்போது கட்டிலை அளந்து பாருங்கள். ஆறடிக்காரர் படுக்க முடியாத கட்டிலைப் போட்டு அறையைப் பெரிதாகக் காட்டுவது உலக வழக்கம். சமையலறை என்று ஒரு மேடை இருக்கும். இரண்டு வட்டம் போட்ட மின்னடுப்பு, மேலே ஒரு புகை உறிஞ்சி. அந்த உறிஞ்சி புகையை வெளியே தள்ளுகிறதா, வடிகட்டி அதே அறைக்குள் திருப்பி விடுகிறதா என்று கேளுங்கள். பல ஃப்ளாட்டுகளில் இரண்டாவதுதான். கடுகும் மிளகாய்வற்றலும் தாளித்தால் சோபா ஒரு வாரத்துக்கு மணக்கும். பிறகு லிஃப்ட். எத்தனை ஃப்ளாட்டுக்கு எத்தனை லிஃப்ட் என்று வகுத்துப் பாருங்கள். காலை எட்டரை மணிக்கு ஒருமுறை கீழே நின்று பாருங்கள். பால்கனியிலிருந்து தெரியும் ஆற்றைப் பார்க்கும்போது, ஆற்றுக்கும் உங்களுக்கும் நடுவில் வேலி போட்ட காலி மனை இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அந்த ஆறு உங்களுக்குத் தற்காலிகம்.

கே: மெயின்டனன்ஸ் எவ்வளவு வரும்? பதிவுச் செலவு யார் தலையில்? (ஓசூர்)

ப: மெயின்டனன்ஸ் சதுர மீட்டருக்கு இத்தனை பாட் என்று, பெரும்பாலும் வருடத்துக்கு முன்பணமாக. புதுக் கட்டடம் என்றால் பொதுநிதிக்கு ஒருமுறை தனியாக. பழைய ஃப்ளாட் வாங்கும்போது 'பாக்கி இல்லை' என்று நிர்வாகம் தரும் சான்று இல்லாமல் நில அலுவலகம் பதிவு செய்யாது, நல்ல ஏற்பாடு. பதிவுக் கட்டணம் அரசு மதிப்பில் 2 சதவீதம், இருவரும் பாதிப் பாதி என்பது வழக்கம். விற்பவர் ஐந்து வருடத்துக்குள் விற்றால் 3.3 சதவீத வரி, இல்லையென்றால் அரை சதவீத முத்திரை. வழக்கம் ஒன்று, ஒப்பந்தத்தில் எழுதியது இன்னொன்று என்று இருக்கும். 'எல்லாச் செலவும் வாங்குபவருக்கு' என்று சின்ன எழுத்தில் வந்தால் அடித்துத் திருத்தச் சொல்லுங்கள்.

கே: நாங்கள் போகாத நாட்களில் தினவாடகைக்கு விட்டால் கடனே அடைந்துவிடுமே? (பொள்ளாச்சி)

ப: முப்பது நாளுக்குக் குறைந்து வாடகைக்கு விட ஓட்டல் சட்டப்படி உரிமம் வேண்டும், ஃப்ளாட்டுக்கு அது கிடைப்பது குதிரைக்கொம்பு. பெட்டியை உருட்டிக்கொண்டு வரும் ஆட்களைக் காவலாளி கவனிப்பார், பக்கத்து ஃப்ளாட்காரர் புகார் எழுதுவார். மாத வாடகைக்கு விடுங்கள். லாபம் குறையும், தூக்கம் வரும்.

கே: பக்கத்தில் நம் கோயில் ஏதாவது உண்டா? (கும்பகோணம்)

ப: சீலோம் சாலையில் மகா மாரியம்மன் கோயில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே போன தமிழர்கள் கட்டியது. இப்போது வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள். நவராத்திரி முடியும்போது சாலையை அடைத்து ஊர்வலம் போவார்கள். அந்தப் பக்கம் ஃப்ளாட் வாங்கினால் அன்றைக்குக் காரை வெளியே எடுக்காதீர்கள்.

கே: வாங்கிவிட்டேன். ரிட்டர்னில் காட்டாவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? (பெயர், ஊர் வேண்டாம்)

ப: எனக்குத் தெரிந்துவிட்டதே. வெளிநாட்டுச் சொத்துக்கென்று ரிட்டர்னில் தனி அட்டவணை இருக்கிறது. வாடகை வந்தாலும் வராவிட்டாலும் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் 2015-இன் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம். சிறு தொகைகளுக்குப் பிறகு விலக்குத் தந்தார்கள், அந்த விலக்கு வீடு மனைக்குக் கிடையாது. துபாய்ச் சொத்துப் பட்டியல்கள் 2024-இல் பத்திரிகையாளர்கள் கைக்கே கிடைத்து உலகம் முழுக்க அச்சேறின. முறையாக அனுப்பிய பணத்தில் வாங்கியிருந்தால் மறைக்க என்ன இருக்கிறது? முறையாக அனுப்பவில்லை என்றால், உங்களுக்குத் தேவை என் பதில் அல்ல, வக்கீல்.

கே: எனக்குப் பிறகு பிள்ளைகளுக்குப் போகுமா? (விருதுநகர்)

ப: பாங்காக்கில் என்றால் போகும். ஆனால் வாரிசாக வரும் வெளிநாட்டவர் அந்தச் சட்டத்தின் தகுதிக்குள் வராவிட்டால் ஒரு வருடத்துக்குள் விற்றாக வேண்டும். உங்கள் விருதுநகர் உயிலை அங்கே மொழிபெயர்த்து, சான்று வாங்கி, நீதிமன்றத்தில் நிறுத்துவதற்குள் அந்த வருடம் ஓடிவிடும். தாய்லாந்துச் சொத்துக்கு மட்டும் அங்கேயே ஒரு உயில் எழுதி வையுங்கள். பின்னால் எழுதும் உயிலில் 'முந்தைய உயில்கள் அனைத்தும் ரத்து' என்று வழக்கப்படி ஒரு வரி விழுந்து முன்னதைக் கொன்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: விற்பது சுலபமா? (ராஜபாளையம்)

ப: வாங்கும்போது இருந்த சுலபம் இருக்காது. வெளிநாட்டவர் பங்கில் உள்ள ஃப்ளாட்டை இன்னொரு வெளிநாட்டவருக்கு விற்றால்தான் அந்தப் பங்குக்கான கூடுதல் விலை கிடைக்கும். உள்ளூர்க்காரர் அதற்குப் பணம் தர மாட்டார், அவருக்கு அந்தப் பங்கே தேவையில்லை. எதிரே புதுக் கட்டடத்தில் பில்டர் இலவச ஃபர்னிச்சரோடு விற்றுக்கொண்டிருப்பார். அவரோடு உங்கள் பழைய சோபா போட்டி போட வேண்டும்.

கே: இந்த வாரம் புக் செய்தால் சோபா, டி.வி., குளிர்பதனப் பெட்டி எல்லாம் இலவசம் என்கிறார்கள். (வேலூர்)

ப: அவையெல்லாம் இல்லாமல் என்ன விலை என்று கேளுங்கள். பதில் சொல்ல மேனேஜரைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று உள்ளே போவார். அவர் திரும்பி வரும்வரை காத்திருங்கள்.